சாக்கெட்டில் ‘செய்தி’ என்று ஒன்று கிடையாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தானில், சாக்கெட் (நிரல்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் முனை) வைத்து, சின்னதாக ஓர் அரட்டை சர்வரும் கிளையண்டும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே கணினியில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. கிளையண்டை வேறு கணினிக்குக் கொண்டுபோனதும் சில நேரம் பாதிச் செய்திதான் வருகிறது, சில நேரம் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இரண்டாவதாக ஒருவர் இணைந்தால் இணைப்பு கிடைக்கிறது, பதில் மட்டும் வருவதில்லை. சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று பிழை. நெட்வொர்க்கில் கோளாறா, இப்போதைய டிசிபியை விட்டு, தரவு அனுப்பும் இன்னொரு நெறிமுறையான யுடிபிக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. யுடிபிக்கும் மாற வேண்டாம். மூன்று தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு. பின்னிரண்டும் சில வரிகளில் தீர்ந்துவிடும். முதலாவது அப்படியல்ல. சாக்கெட் என்றால் என்ன என்று நம் மனதில் இருக்கும் படமே அங்கே தப்பு.

நாம் இன்று பயன்படுத்தும் சாக்கெட் இடைமுகம் 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. யூனிக்ஸில் பெரும்பாலானவை கோப்பு மாதிரிதான் நடத்தப்படும், சாக்கெட்டும் அப்படியே. திறந்தால் ஒரு எண் கிடைக்கும், அதில் எழுதலாம், அதிலிருந்து படிக்கலாம், முடிந்ததும் மூடலாம். இப்போது ஒரு கோப்பை நினைத்துப் பாருங்கள். அதில் முதலில் 10 பைட், பிறகு 20 பைட் என்று இரண்டு தடவை எழுதினீர்கள். படிக்கிறவருக்கு அது 30 பைட்தான். எந்த இடத்தில் முதல் தடவை எழுதியது முடிந்து இரண்டாவது தொடங்கியது என்பதற்குக் கோப்பில் தடயமே இருக்காது. டிசிபி சாக்கெட்டும் இதே போலத்தான். அது தரும் உத்தரவாதம் ஒன்றே ஒன்று: அனுப்பிய பைட்டுகள் அனுப்பிய வரிசையில், விடுபடாமல், இரட்டிப்பாகாமல் போய்ச் சேரும். முடியாவிட்டால் இணைப்பு முறிந்தது என்று பிழை வரும். எத்தனை தவணையில் போய்ச் சேரும் என்று அது வாக்குக் கொடுக்கவே இல்லை.

உங்கள் நிரலில் ரிசீவ் 1024 என்று ஒரு வரி இருக்கும். ‘ஒரு செய்தியைக் கொடு’ என்று அதற்குப் பொருள் இல்லை. ‘1024 பைட் வரும்வரை காத்திரு’ என்றும் இல்லை. ‘இப்போது கையில் இருப்பதைக் கொடு, ஆனால் 1024-க்கு மேல் வேண்டாம்’ என்பதுதான் பொருள். ஒரு பைட் இருந்தால் ஒரு பைட்டோடு திரும்பிவிடும். நீங்கள் வேறு வேலையாக இருந்தபோது எதிர்முனை மூன்று தடவை அனுப்பியிருந்தால் மூன்றும் ஒன்றாகக் கையில் வந்து விழும்.

அப்படியானால் ஒரே கணினியில் ஏன் சரியாக ஓடியது? ஈதர்நெட்டில் (கம்பி வழி நெட்வொர்க்) ஒரு பொதி, அதாவது ஒரே தடவையில் போகும் தரவுக் கட்டு, வழக்கமாக 1500 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக, உங்கள் தரவுக்கு அதிகபட்சம் 1460 பைட்தான் மிஞ்சும். அதைத் தாண்டினால் துண்டாகத்தான் போகும். லினக்ஸில் 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) வழியாகப் போகும் போக்குவரத்துக்கு இந்த வரம்பு 65536. தாமதமும் இல்லை, பொதி தொலைவதும் இல்லை. அதனால் ஒரு சென்ட்டுக்கு ஒரு ரிசீவ் என்று கணக்கு ஒத்துப்போவது போலவே தெரியும். ஒத்துப்போவது வெறும் தற்செயல். சாக்கெட் கற்றுக்கொள்கிற எல்லாரும் இந்தக் குழியில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். பல பயிற்சிப் பாடங்களின் மாதிரி நிரலே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, என்ன செய்வது.

சரி, தீர்வு என்ன? டிசிபி எல்லை போட்டுத் தராது, எனவே எல்லையை நீங்கள்தான் போட வேண்டும். இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, செய்தியின் முடிவில் ஓர் அடையாளம், பெரும்பாலும் புதுவரிக் குறி. இன்னொன்று, செய்திக்கு முன்னால் அதன் நீளம். எச்டிடிபி 1.1 இரண்டையுமே கையாள்கிறது: தலைப்புப் பகுதி வரிவரியாக வந்து வெற்று வரியில் முடியும், உள்ளடக்கத்தின் நீளம் பெரும்பாலும் ‘கன்டென்ட்-லெங்த்’ என்ற தலைப்பில் சொல்லப்பட்டிருக்கும். ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பும் அரட்டைக்குப் புதுவரிக் குறியே போதும், நெட்கேட் மாதிரிக் கருவியில் கையால் தட்டியே சோதித்துவிடலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் செய்திக்குள்ளேயே புதுவரி வரலாம், நாளைக்குப் படம் அனுப்பலாம் என்றால் நீளம் சொல்லும் முறைதான் சரி. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், பின்னால் தலைவலி குறைவு.

வழக்கமான ஏற்பாடு இது: முதல் 4 பைட்டில் நீளம், அதன்பின் அத்தனை பைட் உள்ளடக்கம். வாங்கும் பக்கத்துக்கு ஒரு சின்னச் செயற்கூறு வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். (பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம், தெரியுமோ?)

முழுதாய்_வாங்கு (சாக்கெட், தேவை):
— கையிருப்பு = காலி
— கையிருப்பின் நீளம் தேவையை எட்டும்வரை திரும்பத் திரும்ப:
— — துண்டு = சாக்கெட்டிலிருந்து ரிசீவ் (தேவை − கையிருப்பின் நீளம்)
— — துண்டு காலியாக இருந்தால்: ‘எதிர்முனை மூடிவிட்டது’ என்று பிழை எழுப்பு
— — துண்டைக் கையிருப்பின் கடைசியில் சேர்
— கையிருப்பைத் திருப்பிக் கொடு

செய்தி வாங்க இதை இரண்டு தடவை கூப்பிட வேண்டும். முதலில் 4 பைட் வாங்கி நீளத்தைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அந்த நீளத்துக்கு வாங்குங்கள். ‘தேவை − கையிருப்பின் நீளம்’ என்ற கழித்தலை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் அடுத்த செய்தியின் தலையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்த 4 பைட்டை எந்த வரிசையில் எழுதுவது என்பதில் நான் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். கிளையண்ட் ஒரு மொழியில், சர்வர் இன்னொரு மொழியில். கிளையண்ட் 5 பைட் செய்தி அனுப்பும், சர்வர் பிழை எதுவும் காட்டாமல் சும்மாவே உட்கார்ந்திருக்கும். அரை நாள் போன பிறகு நீளத்தை அச்சிட்டுப் பார்த்தேன்: 83886080. எட்டுக் கோடிக்கு மேல் பைட் வரும் என்று நம்பி அது பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! ஒரு முனை சிறிய பைட்டை (எண்ணில் மதிப்பு குறைந்த இடத்துக்குரியதை) முதலில் வைத்தது, மறுமுனை பெரிய பைட் (மதிப்பு மிகுந்த இடத்துக்குரியது) முதலில் வரும் என்று படித்தது. நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் என்பதே மரபு. பைத்தானின் ஸ்ட்ரக்ட் தொகுதியில் வடிவத்துக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் அந்த வரிசை வந்துவிடும். சி மொழியில் போர்ட் எண்ணுக்கும் (கணினியில் எந்த நிரலோடு பேச்சு என்று காட்டும் எண்) இதே மாற்றம் தேவை. மறந்தால் 8080 என்று நீங்கள் கொடுத்த போர்ட், 36895 ஆகிவிடும்.

நீளம் என்பது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், பிழை வெளியே வராது. ‘வணக்கம்’ என்று அனுப்பிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், பைத்தானில் நீளம் கேட்டால் இந்த 7-தான் வரும். யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் குறிக்கு 3 பைட் வீதம் 21 பைட். எனவே முதலில் பைட்டாக மாற்றுங்கள், மாற்றியதன் நீளத்தை எடுங்கள், பிறகு அனுப்புங்கள். வாங்கும் பக்கமும் முழுச் செய்தியும் வந்த பிறகே எழுத்தாக மாற்ற வேண்டும். வந்த துண்டை அப்படியே மாற்றப் போனால் ஒரு நாள் ‘க’வின் 3 பைட்டுக்கு நடுவே துண்டு முடிந்து, நிரல் பிழையோடு விழும்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு வலை இருக்கிறது. சென்ட் என்பது கொடுத்த எல்லாவற்றையும் அனுப்பியே தீரும் என்றில்லை. எத்தனை பைட் ஏற்றுக்கொண்டது என்ற எண்ணைத் திருப்பித் தரும், மீதியை அனுப்புவது உங்கள் பாடு. பைத்தானில் சென்ட்ஆல் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். அதுவும் பிழையில்லாமல் திரும்பினால், தரவு உங்கள் கணினியின் கெர்னல் பஃபருக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) போய்விட்டது என்றுதான் அர்த்தம். எதிர்முனை நிரல் அதைப் படித்ததா, அந்தக் கணினிக்கே போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அதிலிருந்து தெரியாது. ‘கிடைத்தது’ என்ற உறுதி தேவை என்றால் எதிர்முனை உங்கள் நெறிமுறைக்குள்ளேயே ஒரு பதில் செய்தி அனுப்ப வேண்டும்.

ரிசீவ் காலியாகத் திரும்பினால் ‘இப்போதைக்கு ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்முனை அனுப்புவதை முடித்துக்கொண்டது, இனிமேல் ஒன்றும் வராது என்று பொருள். இதைக் கவனிக்காத சர்வர் காலித் துண்டுகளையே சுற்றிச் சுற்றி வாங்கி, செயலியை நூறு சதவீதம் தின்றுகொண்டிருக்கும்.

இப்போது இரண்டாவது ஆள். சர்வர் பக்கத்தில் நடப்பது இதுதான்: சாக்கெட் உருவாக்கு, பைண்ட் மூலம் முகவரியும் போர்ட்டும் ஒதுக்கு, லிசன் சொல்லித் திற, அக்செப்ட் சொல்லி ஆளை உள்ளே விடு. அக்செப்ட் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் சாக்கெட்டைத் தரும். பழைய சாக்கெட் வாசலிலேயே நிற்கும், அதில் பேச முடியாது. புதிதாக வந்ததில்தான் பேச்சு. உங்கள் நிரல் முதல் ஆளை உள்ளே விட்டுவிட்டு அவரோடேயே சுழலில் பேசிக்கொண்டிருக்கிறது, மறுபடி அக்செப்ட்டுக்குத் திரும்பி வரவே இல்லை.

பின்னே இரண்டாமவருக்கு இணைப்பு எப்படிக் கிடைத்தது? டிசிபியின் மூன்று கட்டக் கைகுலுக்கலை நடத்துவது கெர்னல், உங்கள் நிரல் அல்ல. லிசன் சொன்ன நொடியிலிருந்து வருகிறவர்களோடு அது தானாகவே கைகுலுக்கி வரிசையில் நிறுத்திவிடும். கிளையண்டைப் பொறுத்தவரை இணைப்பு முடிந்தது. அவர் அனுப்பும் முதல் செய்திகூடப் பிழையில்லாமல் போய், சர்வர் கணினியின் பஃபரில் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

இதற்கு எளிய வழி, அக்செப்ட் தரும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு த்ரெட் (நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் ஓர் இழை). கற்றுக்கொள்ளும்போது இதுவே போதும், சில டஜன் ஆட்களை அலுங்காமல் தாங்கும். ஒரே த்ரெட்டில் பல சாக்கெட்டுகளைக் கவனிக்க செலக்ட், போல், லினக்ஸின் ஈபோல் எல்லாம் உண்டு, பைத்தானின் அசின்க்ஐஓ இவற்றின் மேல் கட்டியதுதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அங்கே போனால் சாக்கெட்டும் புரியாது, அசின்க்ஐஓவும் புரியாது என்பது என் எண்ணம். த்ரெட் வழியில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அரட்டை என்பதால் ஒருவர் சொன்னது எல்லாருக்கும் போக வேண்டும், அப்போது இரண்டு த்ரெட்டுகள் ஒரே சாக்கெட்டில் ஒரே நேரம் எழுதக்கூடும். சென்ட்ஆல் உள்ளே பல சென்ட்டாகப் பிரியலாம் என்பதால், ஒரு செய்தியின் வயிற்றுக்குள் இன்னொரு செய்தி புகுந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் எழுதும்படி சாக்கெட்டுக்கு ஒரு பூட்டு வையுங்கள்.

மூன்றாவது, ‘முகவரி பயன்பாட்டில் இருக்கிறது’. இணைப்பை எந்த முனை முதலில் மூடுகிறதோ அந்த முனையில் ‘டைம்-வெயிட்’ என்ற நிலை கொஞ்ச நேரம் தங்கும், லினக்ஸில் 60 விநாடி. வழியில் தாமதமான பழைய பொதி ஏதாவது வந்து, அதே முகவரி, அதே போர்ட்டில் தொடங்கிய புது இணைப்போடு கலந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கிளையண்ட் இணைந்திருக்கும்போதே சர்வரை நிறுத்தினால் முதலில் மூடியது சர்வர், எனவே போர்ட் அங்கே மாட்டிக்கொள்கிறது. பைண்ட்டுக்கு முன்னால் சாக்கெட்டில் ‘எஸ்ஓ-ரியூஸ்அட்ரஸ்’ என்ற விருப்பத்தை 1 ஆக வைத்தால் தீர்ந்தது. இது லினக்ஸ், மேக் மாதிரி அமைப்புகளுக்கு. விண்டோஸில் அதே பெயருக்கு நடத்தை வேறு, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் போர்ட்டையே பறிக்க விட்டுவிடும். அங்கே அதை வைக்காதீர்கள்.

யுடிபி பற்றி. அதில் செய்தி எல்லை உண்டு: ஒரு தடவை அனுப்பியது ஒரே துண்டாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. உங்களை இழுத்தது அந்த முதல் பாதிதான் என்று நினைக்கிறேன். தொலையலாம், வரிசை மாறி வரலாம், இரண்டு தடவையும் வரலாம். மூன்றையும் நீங்களே சமாளிக்க எழுதினால், டிசிபியை அரைகுறையாக மறுபடி எழுதியவர் ஆவீர்கள். ஈதர்நெட்டில் 1472 பைட்டைத் தாண்டினால் ஐபி அடுக்கே அதை உடைத்து அனுப்பும், ஒரு துண்டு தொலைந்தாலும் மொத்தமும் போச்சு. பழையது தொலைந்தால் பரவாயில்லை, புதியது உடனே வேண்டும் என்கிற குரல் அழைப்புக்கும் விளையாட்டுக்கும் அது பொருந்தும். அரட்டைக்குப் பொருந்தாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வாரம் கேட்பீர்கள். எதிர்முனையின் கேபிளை யாராவது பிடுங்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் தொல்லை. மூடுகிறேன் என்ற தகவல் வரவே இல்லை என்பதால் உங்கள் ரிசீவ் காத்துக்கொண்டே இருக்கும். டிசிபியின் கீப்அலைவ் வசதியை இயக்கினாலும், லினக்ஸில் அது முதல் தடவை விசாரிப்பதே 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேர அமைதிக்குப் பிறகு. அதை மாற்றலாம்தான், ஆனாலும் அரை நிமிடத்துக்கு ஒரு ‘இருக்கிறாயா’ செய்தியை நீங்களே அனுப்பி, சாக்கெட்டுக்கு டைம்-அவுட்டும் (காத்திருப்புக்கு நேர வரம்பு) வைப்பது நல்லது. சென்ட்ஆல் நடுவில் டைம்-அவுட் ஆனால் எவ்வளவு போனது என்று தெரியாது. அந்த இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இணைப்பே கிடைக்காதபோது பிழைச் செய்தியை வாசிக்கப் பழகுங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, அந்த முகவரியிலும் போர்ட்டிலும் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சர்வரை 127.0.0.1-இல் பைண்ட் செய்திருந்தால் வெளியிலிருந்து வருகிறவருக்கு இதுதான் கிடைக்கும். 0.0.0.0 என்று மாற்றினால் கணினியின் எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் கேட்கும். வெகுநேரம் தொங்கிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், ஃபயர்வால் சத்தமில்லாமல் பொதியை விழுங்குகிறது அல்லது முகவரியே தப்பு.

0.0.0.0-இல் திறந்தால் யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 4 பைட் நீளத்தில் 429 கோடிக்கும் மேலான எண்ணை எழுத முடியும். யாரோ விளையாட்டாக அதை அனுப்ப, உங்கள் சர்வர் அத்தனையையும் நினைவகத்தில் சேர்க்கக் கிளம்பிவிடும். நீளத்தைப் படித்ததும் ஒரு வரம்போடு, அரட்டைக்கு 64 கிலோபைட் தாராளம், ஒப்பிட்டு, மீறினால் இணைப்பை மூடுங்கள். பிக்கிள் (பைத்தான் பொருள்களைப் பைட்டாக்கும் தொகுதி) வைத்துப் பொருள்களை அனுப்பும் ஆசையும் வேண்டாம், அறியாதவர் அனுப்பிய பிக்கிளைத் திறப்பதும் அவருடைய நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதும் ஒன்றுதான். ஜேசான் என்ற எளிய உரை வடிவம் போதும். வெளி இணையத்தில் விடுவதானால் டிஎல்எஸ் (தரவை மறையாக்கி அனுப்பும் அடுக்கு) சேருங்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று, சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டாவது கணினி தேவையில்லை. முழுதாய்_வாங்கு உள்ளே ரிசீவுக்குக் கொடுக்கும் எண்ணை எப்போதும் 1 என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். பைட் பைட்டாகப் படித்தாலும் நிரல் முன்புபோலவே நடக்க வேண்டும், வேகம் மட்டும் குறையலாம். அடுத்து, எண்ணைப் பழையபடி வைத்துவிட்டு, கிளையண்டில் மூன்று செய்திகளை நீளங்களோடு சேர்த்து ஒட்டி ஒரே சென்ட்ஆலில் அனுப்புங்கள், சர்வர் மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கடைசியாக, நீளத்தில் 21 என்று எழுதி, 10 பைட் மட்டும் அனுப்பி, கிளையண்டைக் கொன்றுவிடுங்கள். சர்வர் அந்த ஓர் ஆளை மட்டும் கழற்றிவிட்டு மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தால், அடுத்த கணினிக்குத் தைரியமாகக் கொண்டுபோகலாம்.